எட்கர் ஆலன் போ முழுத்தொகுப்பு வாங்கிட்டேன், இதுல பாதிக்கு மேல பேயே காணோமே?

கேள்வி: ஜனவரி 8, சாயந்திரம் 6.10

திகில் கதைக்கு இவர்தான் ஆதின்னு கேள்விப்பட்டு, போவோட எல்லா கதையும் கவிதையும் ஒரே வால்யூமா இருக்கற ஆயிரம் பக்க புத்தகத்த வாங்கினேன். முதல் கதையே ரோட்டர்டாம்ல துருத்தி ரிப்பேர் பண்ற ஒருத்தன் பலூன் கட்டி நிலாவுக்குப் போறான், பக்கம் பக்கமா காத்தழுத்தக் கணக்கு. அப்புறம் புதையல், துப்பறியறது, கிண்டல் கதை. பொருளடக்கத்த வச்சு எண்ணிப் பாத்தா பயமுறுத்தற கதை பாதி கூட தேறாது போலருக்கு. நல்ல கதைன்னு பேர் வாங்கின பத்து பதினஞ்ச மட்டும் படிச்சுட்டு மிச்சத்த விட்டுடலாமா?

ஜனவரி 8, ராத்திரி 11.45

விட்டுடாதீங்க. நானும் அதே மாதிரி ஒரு தடி புத்தகத்த பழைய புத்தகக் கடைல வாங்கி, அதே பலூன் கதைல நாப்பதாவது பக்கத்துல நின்னு, மூணு வருஷம் அலமாரில வச்சுட்டேன். ஒவ்வொரு தடவ அத கண்ணு பாக்கறப்பவும் படிக்காம வச்சிருக்கோமேன்னு ஒரு உறுத்தல். அப்புறம் ஒரு மழைக்காலத்துல சும்மா நடுவுல பிரிச்சு "அஷர் வீட்டின் வீழ்ச்சி" படிச்சேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளக்க அணைக்கல.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அந்த பலூன் கதைய முன்னாடி வச்சது போ இல்ல. "ஹான்ஸ் ஃபால்" 1835ல ஒரு பத்திரிகைல வந்தது. அத தொகுப்போட தலைல வச்சது ரூஃபஸ் கிரிஸ்வோல்ட், போ செத்ததுக்கு அப்புறம் 1850ல நாலு வால்யூமா கொண்டு வந்தவரு. அந்த வரிசைய தான் பின்னாடி மலிவுப் பதிப்பு போட்ட நிறைய பேரு கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அதனால நீங்க தடுக்கி விழுந்த இடம் போவோட வாசல் இல்ல. கிரிஸ்வோல்ட் யாரு, அவருக்கும் போவுக்கும் என்ன ஆச்சுன்னு பொறுமையா எழுதறேன், அது ஒரு தனிக் கதை, அதுவும் நல்ல கதை இல்ல.

இப்போதைக்கு ஒரு யோசனை. புத்தகத்துல இருக்கற வரிசைய மறந்துடுங்க. ஒவ்வொரு கதையும் எந்த வருஷம் வந்ததுன்னு ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சுக்கிட்டு வருஷப்படி படிங்க. வேற ஆளு தெரிவாரு.

ஜனவரி 9, காலைல

நேத்து தூக்கத்துல எழுதினதுல ஒரு திருத்தம். கிரிஸ்வோல்ட் பதிப்பு நாலும் ஒரே வருஷத்துல வரல. 1850 ஆரம்பத்துல ரெண்டு, அதே வருஷம் மூணாவது, நாலாவது 1856ல. அந்த மூணாவதுலதான் விஷமே இருக்கு.

ஜனவரி 11, மதியம்

"கிண்டல் கதைய எதுக்கு படிக்கணும்"னு திரும்பக் கேட்டிருக்கீங்க. இத ரொம்ப நாளா யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன், அதனால நீளமாதான் போகும்.

வருஷப்படி படிச்சா ஒண்ணு கண்ணுல படும். போவோட பெரிய பயங்கரக் கதைல சிலதோட எண்ணம் முதல்ல கோமாளிக் கதையா பிறந்திருக்கு. "மூச்சு தொலைந்தது"ன்னு ஒண்ணு, முதல் வடிவம் 1832ல வந்தது, 1835ல அத பெருசாக்கினாரு. கல்யாணத்துக்கு மறுநாள் பொண்டாட்டிய திட்டறப்ப ஒருத்தனுக்கு மூச்சு காணாம போயிடுது, ஆனா சாகல. அப்புறம் அவன செத்தவன்னே நினைச்சு எல்லாரும் பண்ற கூத்து, தூக்குல போடறாங்க, கல்லறை அறைக்குள்ள கொண்டு போய் வைக்கறாங்க, அங்க பாத்தா இவன் தொலைச்ச மூச்ச பிடிச்ச பக்கத்து வீட்டுக்காரனும் கிடக்கான். அசட்டுத்தனமான கதைதான். ஆனா உயிரோட இருக்கறவன பிணம்னு நினைச்சு கல்லறைக்குள்ள வச்சுடறது, அந்த ஒரு எண்ணத்த கவனிங்க. ஏழு வருஷம் கழிச்சு அஷர் வீட்டுல ராட்ரிக் அஷரோட கூடப்பிறந்தவ மேட்லின் சவப்பெட்டிய பிறாண்டிக்கிட்டு வெளிய வர்றா. 1846ல "அமாண்டில்லாடோ" கதைல மான்ட்ரஸார்ங்கறவன் ஃபார்ச்சுனேட்டோங்கறவன சங்கிலில கட்டி வச்சு முன்னால சுவர் எழுப்பறான். அதே எண்ணம், சிரிப்பு மட்டும் கழண்டு போச்சு.

இன்னொண்ணு. 1838ல ஒரு கிண்டல் கதை. ஒரு அம்மா எடின்பரோ ஊர்ல கோயில் கோபுரத்து மேல ஏறி கடிகாரத்து ஓட்டை வழியா தலைய வெளிய நீட்டி ஊர வேடிக்கை பாக்கறாங்க, நிமிஷ முள்ளு மெதுவா இறங்கி கழுத்துல உக்காருது. அவங்க அப்பவும் பேசிக்கிட்டே இருக்காங்க, தலை போற வரைக்கும், போனதுக்கு அப்புறமும். பத்திரிகைக்கு பரபரப்பா கதை எழுதறது எப்படின்னு நக்கல் பண்றதுக்காக எழுதினது. நாலு வருஷம் கழிச்சு, டொலீடோ நகரத்து இருட்டறைல கட்டிப் போட்ட ஒருத்தன் மேல கத்தி வச்ச பெண்டுலம் அங்குலம் அங்குலமா இறங்குது. அத படிக்கறப்ப என் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு, ஆனா ரெண்டும் ஒரே கருவி. காலமே கழுத்த அறுக்க இறங்கி வருது. முதல் தடவ அத சிரிப்பா எழுதிப் பாத்த ஆளுக்குத்தான் எந்த வேகத்துல இறக்கினா சிரிப்பு நின்னு பயம் ஆரம்பிக்கும்னு தெரிஞ்சிருக்கும்னு நான் நம்பறேன்.

"காலத்துக்கு முந்திய புதைப்பு" (1844) படிச்சிருக்கீங்களா? உயிரோட புதைக்கப்பட்டவங்க கதைய அடுக்கிக்கிட்டே போயி, கடைசில கதை சொல்றவனே இருட்டுல மரப் பலகைக்கு நடுவுல முழிக்கறான். மூக்குக்கு மேல பலகை, ஈர மண் வாசனை. கத்தறான். அப்புறம் தெரியுது, அது ஒரு சின்னப் படகுல தூங்கற இடம், படகுல தோட்டத்து மண்ண ஏத்தியிருக்காங்க, அந்த வாசனை. அன்னையோட அவனுக்கு வியாதியும் போயிடுது, இந்த மாதிரி பயங்காட்டற கதை படிக்கறதையும் விட்டுடறான். இத எந்தப் பக்கம் சேப்பீங்க? நான் படிச்சு முடிச்சப்ப சிரிச்சேன், ஆனா கை சில்லுனு இருந்துச்சு.

ஜனவரி 12

"டாக்டர் டார், ப்ரொஃபசர் ஃபெதர்" படிச்சு ரசிச்சேன்னு சொன்னது சந்தோஷம். பைத்தியக்கார ஆஸ்பத்திரிய நோயாளிங்களே பிடிச்சுக்கிட்டு விருந்து வைக்கற அந்த சாப்பாட்டு மேசை காட்சி, சிரிப்புக்கு அடியில என்னமோ சரியில்லைன்னு நமக்கு தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

ஆனா நேத்து நான் ஒரு பக்கமா பேசிட்டேன். கிண்டல் கதை எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்ல வரல. சிலது அந்தக் காலத்து பத்திரிகை ஆட்கள வச்சு எழுதினது, இன்னைக்கு வெறும் உமி. அதோட கறுப்பின வேலைக்காரங்கள அவரு எழுதற விதம், "தங்க வண்டு" கதைல ஜூபிடர், அந்த கடிகாரக் கதைல பாம்ப்பி, அவங்க பேச்சையும் உருவத்தையும் கேலிப் பொருளாக்கறது, எனக்கு படிக்கவே கஷ்டமா இருக்கு. அடிமை முறை இருந்த ரிச்மண்ட்ல வளர்ந்த ஆளு, அந்த ஊர் பார்வை அப்படியே இறங்கியிருக்கு. முழுத்தொகுப்புன்னா இதுவும் சேந்துதான் வரும். தேர்ந்தெடுத்த கதைகள்னு போடறவங்க இத வசதியா விட்டுடறாங்க, நமக்கு கால்வாசி மனுஷன்தான் கிடைக்கறாரு.

ஜனவரி 15, ராத்திரி

நான் சொன்னத நம்ப வேணாம், போவே சொல்லியிருக்காரு. 1845ல அவரோட பன்னெண்டு கதைய தேர்ந்தெடுத்து நியூயார்க்ல ஒரு புத்தகம் போட்டாங்க, தேர்ந்தெடுத்தது எவர்ட் டைகிங்க். அவருக்கு துப்பறியற, மூளைக்கு வேலை வைக்கற கதைங்க மேல ஆசை, அதையே தூக்கலா வச்சுட்டாரு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஃபிலிப் குக்னு ஒரு கவிஞருக்கு எழுதின கடிதத்துல போ இத பத்தி மனசு விட்டு வருத்தப்படறாரு. இந்தக் கதைகள ஒவ்வொண்ணா, நீண்ட இடைவெளி விட்டு எழுதினாலும், எல்லாம் சேந்த ஒரே புத்தகம்ங்கற எண்ணம் எப்பவும் மனசுல இருந்துச்சுங்கறாரு. விஷயத்துலயும் தொனிலயும் எவ்ளோ வித்தியாசம் காட்ட முடியுமோ அவ்ளோ காட்டணும்ங்கறதே நோக்கமா இருந்துச்சாம். எல்லா கதையும் ஒரே பெரிய வால்யூமா, வேற யாரோ எழுதின மாதிரி தன் முன்னால இருந்தா, முதல்ல கண்ணுல படற சிறப்பு அந்த வகை வகையான விரிவாதான் இருக்கும்ங்கறாரு.

ஆயிரம் பக்கத்த கையில வச்சுக்கிட்டு பாதிக்கு மேல பேயே இல்லைன்னு நீங்க கேட்டீங்க. அந்த ஆளு கடைசி வரைக்கும் ஆசைப்பட்ட பெரிய வால்யூம் உங்க கையில இருக்கு. அவரு உயிரோட இருந்தப்ப அது வரல. 1839 டிசம்பர்ல ஃபிலடெல்ஃபியால இருபத்தஞ்சு கதைய ரெண்டு வால்யூமா போட்டாங்க, அதுக்கு அவருக்கு பணமே தரல, சில பிரதிங்க மட்டும் கொடுத்தாங்க.

அதுக்கும் முன்னாடி, 1833ல "ஃபோலியோ கிளப் கதைகள்"னு ஒரு திட்டம். பதினோரு பேரு கொண்ட ஒரு மன்றம், கூடி சாப்பிட்டு ஆளுக்கொரு கதை படிச்சு ஒருத்தர ஒருத்தர் விமர்சிக்கறது. பாட்டிலில் கிடைத்த கையெழுத்துப் பிரதி கதை, பரிசு வாங்கினது, அது கூட இந்தக் கூட்டத்துக்குள்ள இருந்து வந்ததுதான். பதிப்பாளர் கிடைக்கல, கதைங்கள பிச்சு பிச்சு பத்திரிகைக்கு வித்தாரு. சேத்து வச்சு கட்டின வீடு, செங்கல் செங்கலா கழட்டி வித்த மாதிரி.

ஜனவரி 16

மறந்துட்டேன். "பெரனீஸ்" (1835) படிச்சு வாசகர்கள் அருவருப்புன்னு புகார் பண்ணினாங்க, புதைச்ச பொண்ணோட பல்ல பிடுங்கிட்டு வர்ற கதை அது. போ ஆசிரியருக்கு என்ன பதில் எழுதினாரு தெரியுமா, இப்படிப்பட்ட விஷயத்த சீரியஸா எழுதி ஜெயிக்க முடியாதுன்னு ஒரு பந்தயம், அதுல பிறந்தது இந்தக் கதைன்னாரு. கொஞ்சம் மீறிட்டேன்னும் ஒத்துக்கிட்டாரு, பின்னாடி சில பத்திகள எடுத்தும் விட்டாரு. கோமாளிக்கும் கொலைக்கும் நடுவுல அவரு வச்சிருந்தது மெல்லிய தடுப்புதான்.

ஜனவரி 19

இன்னைக்கு அவரு பிறந்த நாள். 1809, பாஸ்டன். அப்பா அம்மா ரெண்டு பேரும் நாடக நடிகர்கள். மூணு வயசு ஆகறதுக்குள்ள அம்மா போயாச்சு, அப்பா அதுக்கு முன்னாடியே விட்டுட்டு போயிட்டாரு.

ஒரு நண்பர் தனியா எழுதி கேட்டாரு, "பேய் பிடித்த மாளிகை" கவிதை தொகுப்புல ரெண்டு இடத்துல வருதே, அச்சுப் பிழையான்னு. அது அஷர் கதைக்காக எழுதினது, பின்னாடி தனியா எடுத்தாங்கன்னு அவருக்கு பதில் போட்டேன். தப்பு. திரும்பிப் பாத்தா கவிதை 1839 ஏப்ரல்ல தனியாவே வந்துடுச்சு, கதை செப்டம்பர்ல. இருந்த கவிதைய ராட்ரிக் அஷர் வாய்ல வச்சாரு. இதே மாதிரி "வெற்றி கொள்ளும் புழு" 1843ல வந்த கவிதை, 1838ல எழுதின "லிஜியா"வுக்குள்ள பின்னாடி கொண்டு போய் நுழைச்சாரு, சாகப் போற லிஜியாவே எழுதினதா. ஆறு வருஷத்துக்கு மேல பழைய கதையோட வயித்த திறந்து புதுசா ஒரு உறுப்ப வச்சுத் தைச்சிருக்காரு. அந்தப் புழு இல்லாத லிஜியாவ படிச்சுப் பாத்தேன், அவ ஏன் சாவ அவ்ளோ எதுக்கறாங்கறதோட எடை குறைஞ்சு போகுது.

இவரு எதையும் முடிச்சுட்டேன்னு விட்டதே இல்ல. "ரேவன்" கவிதைல தூபம் ஆட்டிக்கிட்டு தேவதூதர்கள் நடந்து வர்ற ஒரு வரி, முதல்ல வெறும் "ஏஞ்சல்ஸ்", மெல்லிய காலடின்னு இருந்தது. கடைசில 1849 செப்டம்பர்ல ரிச்மண்ட்ல அச்சானப்ப "செராஃபிம்" ஆச்சு, அந்த "மெல்லிய"வும் போச்சு. சாகறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. ஊரே மனப்பாடம் பண்ணின கவிதைல ஒரு வார்த்தைய இன்னும் உருட்டிக்கிட்டு இருக்காரு.

அதனாலதான் தாமஸ் ஆலிவ் மேபட் பதிப்பு எனக்கு உசத்தி. வாழ்நாள் பூரா இதுக்காகவே கொடுத்த மனுஷன். 1968ல அவரு இறந்தாரு, கவிதை வால்யூம் 1969ல ஹார்வர்ட்ல இருந்து வந்தது, கதைங்க ரெண்டு வால்யூம் 1978ல. அவரு மனைவி உதவியோட முடிச்சாங்க. எல்லாம் வருஷ வரிசை, கீழ எந்த அச்சுல என்ன மாறிச்சுன்னு குறிப்பு. விலை அதிகம், அவசரப்பட்டு வாங்க வேணாம். பால்டிமோர்ல இருக்கற எட்கர் ஆலன் போ சொசைட்டி அவங்க தளத்துல ஒவ்வொரு கதையோட ஒவ்வொரு வடிவத்தையும் இலவசமா போட்டிருக்காங்க. ஒரே கதைய ரெண்டு ஜன்னல்ல திறந்து வச்சு பக்கத்துல பக்கத்துல படிச்சுப் பாருங்க.

ஜனவரி 20

கிரிஸ்வோல்ட் பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. போ 1849 அக்டோபர் 7 பால்டிமோர்ல செத்தாரு, வயசு நாப்பது. நாலு நாளைக்கு முன்னாடி ஒரு தேர்தல் நாள்ல சாராயக் கடை பக்கத்துல சுயநினைவு தப்பின நிலைல, தன்னோடதில்லாத உடுப்போட கண்டெடுத்தாங்க. என்ன நடந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. செத்து ரெண்டு நாள் கழிச்சு நியூயார்க் ட்ரிப்யூன்ல "லுட்விக்"ங்கற பேர்ல ஒரு இரங்கல் குறிப்பு, இந்தச் சாவு பல பேர திடுக்கிட வைக்கும், வருத்தப்படறவங்க சில பேருதான்னு ஆரம்பிக்குது. எழுதினது கிரிஸ்வோல்ட். போ அவரோட கவிதைத் தொகுப்ப விமர்சிச்ச பழைய பகை. அந்த ஆளுதான் போவோட மாமியார் மரியா கிளெம்கிட்ட இருந்து உரிமை வாங்கி தொகுப்பு போட்டாரு, மூணாவது வால்யூம்ல வாழ்க்கை வரலாறுன்னு ஒண்ணு எழுதினாரு, அதுக்கு ஆதாரமா போவோட கடிதங்கள்னு காட்டினதுல வரி வரியா கைவச்சு மாத்தியிருக்காரு. 1941ல ஆர்தர் ஹாப்சன் க்வின் மூல கடிதங்கள பக்கத்துல வச்சு அச்சடிச்சு காட்டற வரைக்கும், தொண்ணூறு வருஷம் அது முழுசா வெளிச்சத்துக்கு வரல. அந்த அம்மாவுக்கு பணம் கூட கிடைக்கல, புத்தகப் பிரதிகள கொடுத்து வித்துக்கோங்கன்னுட்டாங்க. மருமகன திட்டி எழுதின வரலாறு உள்ள இருக்கற புத்தகத்த அவங்களே வித்து சாப்பிட வேண்டிய நிலை. இத முதல் தடவ படிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல.

ஜனவரி 21

ஆனா தூங்கி எந்திரிச்சப்புறம் ஒண்ணு தோணுது. கிரிஸ்வோல்ட் இல்லைன்னா அடுத்த இருபது வருஷம் அந்தக் கதைங்க எங்க இருந்திருக்கும்? கிழிஞ்ச பத்திரிகைங்கள்ல. பிரான்ஸ்ல போதலேர் அவர் கதைகள மொழிபெயர்த்து 1856ல புத்தகமா போட்டப்ப கையில ஒரு தொகுப்பு இருந்தது முக்கியம்தான். அவரு செஞ்ச அநியாயத்த இது கழுவாது. ரெண்டும் உண்மைன்னு மட்டும் சொல்லி விட்டுடறேன்.

ஜனவரி 24

என் அண்ணன் பையன், பத்தாவது படிக்கறான், ராத்திரி கரண்ட் இல்லாதப்ப அவனுக்கு "டெல்-டேல் ஹார்ட்" வாய் விட்டு படிச்சுக் காட்டினேன், இங்கிலீஷ்ல ஒரு பத்தி, தமிழ்ல நான் சொல்றது ஒரு பத்தி. கிழவரோட கழுகுக் கண்ணு, ஏழு ராத்திரி கதவ மெல்ல திறந்து எட்டிப் பாக்கறது, எட்டாவது ராத்திரி பஞ்சுல சுத்தின கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். கொலை நடந்தப்ப பையன் பயப்படல. போலீஸ்காரங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கறப்பதான் பயந்தான். "யாருமே சந்தேகப்படலியே சித்தப்பா, இவன் ஏன் தானா கொலைய ஒத்துக்கறான்?"ன்னு கேட்டான்.

அவன் கேட்டதுக்கு அன்னைக்கு சரியா பதில் சொல்ல முடியல. "கறுப்புப் பூனை"ல பிணத்த மறைச்ச சுவத்த போலீஸ் முன்னாலயே தடியால தட்டிக் காட்டறான். "இம்ப் ஆஃப் த பர்வர்ஸ்"ல விஷ மெழுகுவத்தியால கொன்னவன் வருஷங்கள் கழிச்சு நடுத்தெருவுல தானா கத்தி மாட்டிக்கறான். "அமாண்டில்லாடோ"ல மான்ட்ரஸார் அம்பது வருஷம் கழிச்சு, தன் மனச நல்லா தெரிஞ்ச யாருகிட்டயோ சொல்றான், யாருன்னு கதைல இல்ல. இவங்க ஒருத்தரையும் பேய் துரத்தல. சொல்லியே ஆகணும்ங்கற அரிப்பு உள்ள இருந்து தள்ளுது. அதனாலதான் எண்ணிப் பாத்தப்ப உங்களுக்கு பேய் கம்மியா தெரிஞ்சுதுன்னு நினைக்கறேன்.

இன்னொரு விஷயம், 1840 ஜனவரில போ ஒரு குட்டி கட்டுரை எழுதியிருக்காரு, அவரு வீட்டு கறுப்புப் பூனை கதவுத் தாழ்ப்பாள எப்படி கால் வச்சு அமுக்கி தானே திறக்குதுன்னு, அவ்ளோ பெருமையா. மூணு வருஷம் கழிச்சு வந்த கதைய எழுதினது அதே கை.

ஜனவரி 29

1845ல இதே தேதில நியூயார்க் ஈவ்னிங் மிரர்ல "ரேவன்" வந்தது. பதினெட்டு கண்ணி, நூத்தியெட்டு வரி. அத தமிழ்ல கொண்டு வர ரெண்டு வருஷமா முட்டிக்கிட்டு இருக்கேன்.

லெனோர்ங்கற காதலிய பறிகொடுத்த ஒருத்தன் ராத்திரி உள்ள வந்த பறவைகிட்ட கேள்வி கேக்கறான், அது எல்லாத்துக்கும் "நெவர்மோர்"னு ஒரே வார்த்தைய சொல்லுது. மொத சிக்கல் அந்த "நெவர்மோர்". அந்த ஓசைக்காகத்தான் அந்த வார்த்தைன்னு போவே கட்டுரை எழுதி சொல்லிட்டாரு, நீட்டி இழுக்கற ஓ, அதோட ர். நம்ம மொழில மறுப்பு சொல்லணும்னா யாரு, எது, எப்பன்னு வினை கேக்குது. "உன் பேர் என்ன"ன்னு கேட்டா ஒரு பதில், "லெனோர திரும்ப அணைப்பேனா"ன்னா "மாட்டாய்", "இங்கேருந்து போ"ன்னா "மாட்டேன்". ஒரே சொல்லு எல்லாத்துக்கும் பொருந்தணும். "ஒருபோதும்" எழுதிப் பாத்தேன், ஓ இருக்கு, ஆனா அது பாதில நிக்கற வார்த்தை. கடைசில "இனியில்லை"ல வந்து நின்னிருக்கேன். முதல் ஏழு கண்ணில ஆறு "நத்திங் மோர்"னு முடியும், அத "வேறொன்றுமில்லை"ன்னு வச்சா அந்த "இல்லை" முன்னாடியே காதுல விழுந்து பழகிடும், எட்டாவது கண்ணில பறவை வாய தொறக்கறப்ப அந்தாளு சொன்ன சொல்லோட வாலையே அது திருப்பிச் சொல்ற மாதிரி வரும். கடைசி கண்ணிய பாருங்க, அங்க அந்தச் சொல்ல சொல்றது பறவை இல்ல. அவனே சொல்றான்.

ரெண்டாவது சிக்கல் பறவை. அகராதில அண்டங்காக்கை. போ முதல்ல கிளிய வைக்கலாம்னு யோசிச்சாராம், சோகத்துக்கு ஒத்து வராதுன்னு இதுக்கு மாறினாரு. அவங்க ஊர்ல அது கெட்ட சகுனம். நமக்கு காக்கா அப்படி மட்டுமா? கரைஞ்சா விருந்தாளி வருவாங்க, குறுந்தொகைலயே அதுக்காக காக்கைக்கு சோறு வைக்கற பாட்டு இருக்கு. செத்தவங்க காக்காவா வந்து சாப்பிடுவாங்க.

எங்க அப்பா போனப்ப காரியத்தன்னைக்கு இலைய வச்சுட்டு காத்திருந்தோம், காக்கா வரல. மதில்ல நின்னுச்சு, இறங்கல. எங்கம்மா கைய கூப்பிக்கிட்டு "என்ன குறை வச்சேன், சொல்லுங்க, மனசுல எதாவது இருக்கா, பெரியவன் கல்யாணமா, கடனா"ன்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு கேள்விக்கும் அது தலைய சாய்ச்சு பாத்துச்சு. முக்கா மணி நேரம் கழிச்சு இறங்கி ஒரு வாய் எடுத்துச்சு.

அந்த வருஷம்தான் ரேவன திரும்ப படிச்சேன். அந்த ஆளு முட்டாள் இல்ல. பறவைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்னு ரெண்டாவது கேள்விலயே அவனுக்கு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் கேக்கறான், இல்லைன்னு சொன்னா எது ரொம்ப வலிக்குமோ அதையே கேக்கறான். தன்னத்தானே வதைச்சுக்கறதுல இருக்கற ஒரு இன்பம்னு போ அந்தக் கட்டுரைல சொல்றாரு. எங்கம்மா நம்பிக்கையோட கேட்டாங்க, இவன் நம்பிக்கை இல்லாம கேக்கறான். என் மொழிபெயர்ப்புல "அண்டங்காக்கை"ன்னே வைக்கப் போறேன். படிக்கறவங்களுக்கு மதிலும் இலையும் ஞாபகம் வரட்டும், வந்தப்புறம் அது சாப்பிடாம "இனியில்லை"ங்கட்டும்.

ஜனவரி 30

போவோட மனைவி வர்ஜீனியா செத்த நாள். 1847, நியூயார்க் பக்கத்து ஃபோர்டம்ல அவங்க இருந்த குடிசை.

நம்ம முறைல சொன்னா அத்தை பொண்ணு, மரியா கிளெம் அப்பாவோட தங்கச்சி. கல்யாணம் 1836ல, அவருக்கு இருபத்தேழு, அவளுக்கு பதிமூணு, பத்திரத்துல இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. அத நியாயப்படுத்த எனக்கு மனசு வரல. 1842 ஜனவரில பியானோ பக்கத்துல பாடிக்கிட்டு இருந்தவளுக்கு தொண்டைல ரத்தம். காசநோய். அந்த மே மாசம் வந்த கதை "சிவப்புச் சாவின் முகமூடி விருந்து", கதவ எல்லாம் அடைச்சுக்கிட்டு ஏழு அறைல கூத்தாடறாங்க, ரத்தம் தெளிச்ச முகத்தோட அது உள்ளயே நிக்குது.

1848ல ஒரு வாசகருக்கு எழுதின கடிதத்துல போ விளக்கறாரு. ரத்தக்குழாய் வெடிச்சுது, பிழைக்க மாட்டான்னு விடை கொடுத்தேன், தேறினா, நம்பினேன், திரும்ப வெடிச்சுது, திரும்ப தேறினா. ஒவ்வொரு தடவையும் அவ சாவோட முழு வேதனையும் பட்டேன். பைத்தியமானேன், நடுநடுவுல நீளமா, கொடூரமா புத்தி தெளிஞ்சு இருந்துச்சுங்கறாரு. அஞ்சு வருஷம் இப்படி. "லிஜியா"ல ரெண்டாவது மனைவி ரொவீனாவோட பிணத்துக்கு திரும்பத் திரும்ப உயிர் வந்து போயி, கடைசில லிஜியாவா எந்திரிக்கற அந்த ராத்திரிய அவரு 1838லயே எழுதிட்டாரு, வர்ஜீனியாவுக்கு ஒண்ணும் ஆகாத காலத்துல. இத முதல்ல கவனிச்சப்ப புத்தகத்த மூடி வச்சுட்டேன்.

குளிர்ல வைக்கோல் படுக்கைல அவ கிடந்தா, போர்வை இல்லாம அவரோட பழைய மேல்கோட்ட போத்தியிருந்தாங்க, நெஞ்சு மேல பூனை படுத்து சூடு கொடுத்துச்சுன்னு பாக்க வந்த ஒரு அம்மா எழுதி வச்சிருக்காங்க. பூனை பேரு காட்டரினா.

பிப்ரவரி 2

வருஷ வரிசைல 1841க்கு வந்துட்டீங்கன்னு பாத்தேன். நல்லது. "ரூ மார்க் கொலைகள்" துப்பறியும் கதைய படிக்கறப்ப துப்பறிவாளர விட, பூட்டின அறைய பாருங்க, அவரு மறுபடி ஒரு ஆள ஒரு அறைக்குள்ள அடைக்கறாரு.

"கடைசியா எழுதினது எது"ன்னு கேட்டீங்க. 1849ன்னு சொல்றாங்க, முடிக்காத ஒண்ணு, தலைப்பு கூட அவரு வைக்கல, பின்னாடி வந்தவங்க "கலங்கரை விளக்கம்"னு வச்சாங்க. 1796ல ஒருத்தன் நாயோட தனியா கலங்கரை விளக்கத்துக்கு காவலுக்கு வந்து டைரி எழுதறான். ஜனவரி 1, தனியா இருக்கறதுல அவ்ளோ சந்தோஷம். ஜனவரி 2. ஜனவரி 3, சுவத்தோட கனத்த எல்லாம் அளந்துட்டு, அடித்தளம் சுண்ணாம்புக்கல்லு மாதிரி இருக்கேங்கறான். அப்புறம் ஜனவரி 4னு தேதி போட்டிருக்கு, அதுக்குக் கீழ எழுத்து இல்ல. மேபட் பதிப்புல இருக்கு, உங்க ஒரே வால்யூம் புத்தகத்துல அனேகமா இருக்காது, போ சொசைட்டி தளத்துல தேடிக்கோங்க. நாலு பக்கம் கூட வராது, அதையும் சேத்து படிச்சுடுங்க.